வீட்டு யந்திரம்: விடியற்காலை விக்கல்

மனிதருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டாருக்கு மட்டும் தெரியும். மோட்டாருக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. காலை ஐந்தரை மணிக்குச் சாவியைத் திருப்பியதும் வண்டி இரண்டு முறை இருமி, ஒரு முறை விக்கி, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு எழுந்திருக்கிறது. எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு முகம் தோன்றுகிறது. பால்காரர் நின்று பார்க்கிறார். அடுத்த வீட்டுப் பெரியவர் யாரும் கேளாமலே தம் அபிப்பிராயத்தை அருளுகிறார். இரண்டு நிமிஷம் கழித்து வண்டி ஒன்றுமே நடவாதது போல் சாதுவாக உறுமிக்கொண்டிருக்கும். அப்புறம் அன்று முழுவதும் அதனிடம் ஒரு குறையும் கிடையாது. மெக்கானிக்கிடம் கொண்டு போனாலோ, வைத்தியர் முன் உட்கார்ந்ததும் தலைவலி போய்விடும் குழந்தையைப் போல, நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

இத்தகைய வண்டி ஒன்றைப் பற்றி மறைமலைநகரிலிருந்து ஓர் அம்மாள் நமக்கு எழுதியிருந்தார். பள்ளிக்கூட உபாத்தியாயினி, ஆகையால் விஷயத்தைக் கோவையாகவே எழுதியிருந்தார். வண்டி அந்த ஊரிலேயே தயாரான பெட்ரோல் வண்டி. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு மாமியாரை ரத்த சுத்திகரிப்புச் சிகிச்சைக்காகச் செங்கற்பட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சையை ஒரு முறை தவறவிடுவதும் ஆபத்து. "வண்டி நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுமோ என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்" என்று எழுதியிருந்தார்.

மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்களாம். ஒருவர் பாட்டரி என்றார், பாட்டரி மாற்றியாயிற்று. இன்னொருவர் பிளக் என்றார், பிளக்கும் மாற்றியாயிற்று. மூன்றாமவர் பெட்ரோல் பம்ப்பையே மாற்றவேண்டும் என்கிறார். அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும்தான் அம்மாள் பேனாவை எடுத்திருக்கிறார். கடிதத்தின் ஓரத்தில், பின்னால் ஞாபகம் வந்து சேர்த்தது போல், ஒரு வரி: "ரேடியேட்டர் விசிறி முன்னைவிட அடிக்கடி ஓடுகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டோ?"

அந்த ஒரு வரியை நேயர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் உதவும்.

ஒரே சாலையில் இரண்டு காலம்

சென்னையிலிருந்து தெற்கே போகும் பெருஞ்சாலைக்கு மோட்டார் தொழில் புதிதல்ல. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961-ஆம் வருஷத்திலிருந்து அங்கே 'ஹெரால்ட்' வண்டிகள் உருவாயின. பின்னால் 'கெஜல்' வந்தது. 1985-இல் 'ஸ்டாண்டர்ட் 2000' வந்தது. சில வருஷங்களுக்குள் எல்லாம் ஓய்ந்தது. அதே சாலையில் இன்னும் தெற்கே, கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவே எழுந்த புதிய நகரந்தான் மறைமலைநகர். அங்கே 1999-இல் ஃபோர்டு கம்பெனியின் 'ஐகான்' வண்டி வெளிவந்தது. பிறகு ஃபியஸ்டா, ஃபிகோ, எக்கோஸ்போர்ட் என்று வரிசையாக வந்தன. 2021 செப்டம்பரில் இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கடைசி வண்டி வெளிவந்தது. 2029-இலிருந்து அதே இடத்தில் என்ஜின்கள் செய்யப் போவதாக 2025-இல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறோம் என்றால், தயாரிப்பு நின்றுபோன வண்டியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷமான கவலை உண்டு. அவர்கள் சட்டென்று வண்டியை மாற்றிவிட மாட்டார்கள்; மாற்றினால் நல்ல விலையும் வராது. இன்னும் பல வருஷம் அதையே ஓட்டவேண்டும். அப்படியிருக்க, தேவையில்லாத சாமானை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போவது வீட்டுக் கணக்குக்குக் கட்டுமா?

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறோம். சுவாமி வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை அடிகள் என்று தனித்தமிழாக்கிக்கொண்ட பெரியவரின் பெயரால் விளங்கும் ஊர் அது. அந்த ஊர் வண்டியைப் பற்றி எழுதும்போது பிளக், பாட்டரி, ஸெல்ஃப் என்று வரிக்கு வரி எழுதவேண்டியிருக்கிறது. மெக்கானிக்கிடம் போய் 'மின்கலம்' என்றால் அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "பாட்டரியா, அம்மா?" என்பார். ஆகையால் அடிகளின் அன்பர்கள் இந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் நம்மை மன்னிக்கவேண்டும்.

காலையில் என்ன நடக்கிறது?

பெட்ரோல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. ஆவியாகி, காற்றுடன் சரியான அளவில் கலந்தால்தான் எரிகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். என்ஜின் சூடாக இருந்தால் உள்ளே தெளிக்கும் பெட்ரோல் உடனே ஆவியாகிவிடும். ஆறிப்போன என்ஜினிலோ அதில் ஒரு பகுதி சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. அதற்கு ஈடாகக் காலையில் சற்று அதிகமாகவே பெட்ரோல் கொடுக்கவேண்டும். குளிர்ந்த கல்லில் முதல் தோசைக்கு எண்ணெய் கூட வேண்டியிருக்கிறது அல்லவா? அதுபோலத்தான்.

ஹெரால்ட் காலத்தில் இந்த வேலை ஓட்டுகிறவர் கையில் இருந்தது. 'சோக்' என்ற குமிழை இழுத்தால் கார்புரேட்டரில் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். என்ஜின் சூடேறியதும் குமிழைத் தள்ளிவிடவேண்டும். இழுக்கத் தெரிந்து தள்ள மறந்தவர்கள் அந்தக் காலத்தில் கறுப்புப் புகையுடன் ஊர்வலம் போனார்கள். ஐகான் முதலிய வண்டிகளில் அந்தக் குமிழ் கிடையாது. ஒரு சிறு கம்ப்யூட்டர், என்ஜினைச் சுற்றியுள்ள ஜலத்தின் உஷ்ணத்தை ஒரு ஸென்ஸார் மூலம் கேட்டறிந்து, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பதென்று தானே தீர்மானிக்கிறது. புகைக் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் ஸென்ஸார், கலவை சரிதானா என்று மேற்பார்வை பார்க்கிறது. ஆனால் அது சுமார் 300 டிகிரி சூடேறும் வரை வாய் திறக்காது. ஆகவே முதல் ஒன்றிரண்டு நிமிஷம் கம்ப்யூட்டர் மேற்பார்வையில்லாமல், தனக்குச் சொல்லப்பட்டதை நம்பியே காரியம் செய்கிறது. காலையில் விக்கிய வண்டி இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிடுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

குளிரல்ல, இரவு

"காலைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. செங்கற்பட்டுச் சீமையில் குளிர் எங்கே இருக்கிறது? மார்கழி விடியற்காலையிலும் பெரும்பாலும் 20 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கானடா தேசத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் மக்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய பாட்டரி நிஜமாகவே குளிரில் சுருண்டுவிடுகிறது, எண்ணெய் களிம்பாகிவிடுகிறது. நம் ஊரில் அந்தச் சாக்கு செல்லாது.

இங்கே குற்றவாளி குளிரல்ல. எட்டு மணி நேர இரவு. வண்டி சும்மா நிற்கும் அந்த எட்டு மணியில் பல காரியங்கள் மெல்ல நடக்கின்றன. குழாயில் இருக்கவேண்டிய பெட்ரோலின் அழுத்தம் கசிந்து இறங்கலாம். தெளிப்பான் ஒன்று சொட்டுச் சொட்டாக ஒழுகலாம். பாட்டரியின் சார்ஜ் எங்கேனும் களவு போகலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒயர்களின்மேல் ஈரம் படியலாம். மாமல்லபுரம், கோவளம் பக்கத்துக் கடலோர வீடுகளில் உப்புக் காற்று பித்தளையையும் செம்பையும் பச்சைப் பூஞ்சாணமாக்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பானெட்டுக்குள் இருக்கும் முனைகளுக்கும் அதே கதிதான்.

ஆகையால் முதலில் செய்யவேண்டியது எதையும் மாற்றுவதல்ல, பார்ப்பது. மூன்று நாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள்.

ஒன்று: சாவியைத் திருப்பியதும் என்ஜின் வேகமாகச் சுழல்கிறதா, சோம்பிச் சுழல்கிறதா? இரண்டு: வேகமாகச் சுழன்றும் கிளம்பத் தாமதமா, அல்லது உடனே கிளம்பிவிட்டு உதறுகிறதா? மூன்று: புகை உண்டா, என்ன நிறம்? நான்கு: மத்தியானம் மூன்று மணி நேரம் நின்ற பிறகும் இப்படியா, இரவுக்குப் பின் மட்டுமா, மழை நாளில் மட்டுமா?

இந்த நான்கு பதிலையும் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போகிறவருக்கும், "என்னமோ சரியில்லை" என்று போகிறவருக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

சோம்பிச் சுழன்றால்

இது மின்சார வியாதி. நல்ல பாட்டரி, இரவு முழுவதும் ஓய்வாக இருந்தபின், 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸெல்ஃப் சுழலும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையே இருக்கவேண்டும். இல்லையென்றால் பாட்டரி பேரில் குற்றமில்லை, அதற்குச் சாதம் போடும் ஆல்டர்னேட்டரில்தான் குற்றம். இதைப் பார்க்கும் மல்டிமீட்டர் மலிவான சாமான். ரேடியோக் கடையில் கிடைக்கும்.

பாட்டரியைக் கொல்வது நம் ஊரில் சித்திரை வைகாசி வெயில். உஷ்ணத்தில் அதன் உள் தகடுகள் சீக்கிரம் அரித்துப்போகின்றன; பலனோ மழைக்காலத்தில் தெரிகிறது. ஆனால் புதுப் பாட்டரிக்குக் கடைக்கு ஓடுமுன், முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துக் கழுவித் துடைத்து, இறுக்கி முடுக்கி, சிறிது வாஸலின் தடவினாலே பாதி வண்டிகள் பிழைத்துவிடுகின்றன. என்ஜினிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் ஒயரையும் மறக்கவேண்டாம். கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டவேண்டும். கையில் வளையல், மோதிரம், கடிகாரம் இருந்தால் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டு முனைக்கும் நடுவே தங்கம் பட்டால் அது பழுக்கக் காய்ந்துவிடும்.

வேகமாகச் சுழன்றும் தாமதித்தால்

இது பெரும்பாலும் பெட்ரோல் வந்து சேராத வியாதி. இதற்குக் காசில்லாத ஒரு பரீட்சை இருக்கிறது. ஸெல்ஃபைத் தொடாமல் சாவியை 'ஆன்' வரைக்கும் திருப்புங்கள். பல வண்டிகளில் பின் ஆசனத்துக்கு அடியில் இரண்டு விநாடி 'உர்ர்' என்ற சத்தம் கேட்கும்; அது பம்ப் பெட்ரோலைக் குழாயில் நிரப்பும் சத்தம். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, மறுபடி 'ஆன்'. இப்படி மூன்று முறை. பிறகு ஸெல்ஃப் அடியுங்கள். வண்டி சமர்த்தாகக் கிளம்பிவிட்டால், இரவில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று தெரிந்துவிட்டது.

ஏன் இறங்குகிறது? பெட்ரோல் திரும்பி டாங்க்குக்குள் ஓடாமல் தடுக்கும் வால்வு பழுதாகியிருக்கலாம். அல்லது தெளிப்பான் ஒழுகலாம். கிளம்பும்போது பெட்ரோல் வாடையும் ஒரு கறுப்புப் புகையும் வந்தால் தெளிப்பான் பேரில் சந்தேகம். இரண்டும் இல்லையென்றால் வால்வு பேரில் சந்தேகம். மூன்று முறை சாவி திருப்பியும் ஒரு மாறுதலும் இல்லையென்றால், பம்ப்பை மாற்று என்று யார் சொன்னாலும், "ஏன்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கிளம்பிவிட்டு உதறினால்

இங்கே மூன்று பேர் மேல் சந்தேகம்: பொறி, காற்று, பொய்.

பொறி என்பது பிளக்கும் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் காயிலும் ஒயரும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை வெளிறிய காப்பி நிறமாக இருக்கவேண்டும். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி; ஈரமாக இருந்தால் அந்த ஸிலிண்டரில் பொறியே இல்லை. மழை நாளில் மட்டும் உதறுகிற வண்டியை இருட்டில் பானெட் திறந்து ஓடவிட்டு, எட்ட நின்று பாருங்கள். வெடித்த ஒயரிலிருந்து நீலப் பொறி மின்மினி போல் தாவுவது தெரியும். தொடமட்டும் வேண்டாம், பல்லாயிரம் வோல்ட் சமாசாரம்.

காற்று என்பது கணக்கில் வராத காற்று. நம் வெயிலில் ரப்பர்க் குழாய்கள் வறண்டு வெடிக்கின்றன. ஆறியிருக்கும்போது வெடிப்பு வாய் திறந்திருக்கும், சூடேறியதும் மூடிக்கொள்ளும். இதுவும் காலையில் மட்டும் தெரியும் வியாதிதான். காற்றுப் புகும் வாயில் கரி படிந்தாலும் என்ஜின் சும்மா ஓடும்போது உதறும். அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய அரைமணி நேரம் போதும்.

பொய் என்பது ஸென்ஸார் சொல்லும் பொய். ஜலத்தின் உஷ்ணத்தைச் சொல்லும் ஸென்ஸார் சூடேறச் சூடேற மின்சாரத்துக்குத் தடையைக் குறைத்துக்கொள்ளும் ஒரு சிறு பொருள். கம்பி முழுவதும் அறுந்துவிட்டால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். ஆனால் அது நம்பத்தகுந்த பொய்யாகச் சொன்னால், உதாரணமாக 27 டிகிரியை 68 டிகிரி என்று சொன்னால், விளக்கு எரியாமலே போகலாம். கம்ப்யூட்டர், "ஓகோ, என்ஜின் சூடாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துக் கைநிறையக் கொடுக்கவேண்டிய பெட்ரோலைச் சிட்டிகையாகக் கொடுக்கும். என்ஜின் பசியால் உதறும்.

இந்தப் பொய்யைப் பிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில், கிளப்புவதற்கு முன்பு, ஸ்கானரைப் பொருத்தி இரண்டு உஷ்ணங்களைப் பார்க்கவேண்டும்: உள்ளே வரும் காற்றின் உஷ்ணம், என்ஜின் ஜலத்தின் உஷ்ணம். எட்டு மணி நேரம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கவேண்டும் அல்லவா? ஒன்றுக்கொன்று வெகுவாக வித்தியாசப்பட்டால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. வாசலில் தொங்கும் உஷ்ணமானியைப் பார்த்தால் யார் பொய்யர் என்று தெரிந்துவிடும்.

மறைமலைநகர் வண்டி

உபாத்தியாயினி அம்மாளுக்கு நாம் நான்கு கேள்விகளையும் சாவிப் பரீட்சையையும் எழுதி அனுப்பினோம். பத்து நாளில் பதில் வந்தது. என்ஜின் வேகமாகச் சுழல்கிறது, உடனே கிளம்பிவிடுகிறது, கிளம்பியபின்தான் உதறுகிறது. புகையில்லை. மூன்று முறை சாவி திருப்பியும் மாறுதலில்லை. மழைக்கும் வெயிலுக்கும் வித்தியாசமில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் நின்றால் ஒன்றுமில்லை. ஐந்து மணி நேரம் நின்றால் சிறிது உதறல்.

ஆகவே பாட்டரி இல்லை, பம்ப் இல்லை, ஈரமும் இல்லை. பிளக்கோ புதிது. மிச்சமிருந்தவை காற்றும் பொய்யும். இங்கேதான் கடிதத்தின் ஓரத்தில் இருந்த வரி உதவிற்று. ரேடியேட்டர் விசிறியை ஓட்டுவதும் அதே கம்ப்யூட்டர்தான். அதற்கும் சேதி சொல்வது அதே ஸென்ஸார்தான். என்ஜின் உள்ளதைவிடச் சூடாக இருப்பதாக ஒருவன் பொய் சொன்னால் காலையில் பெட்ரோல் குறையும், பகலில் விசிறி அதிகமாக ஓடும். இரண்டு தொல்லைக்கும் ஒரே காரணம். நிஜமாகவே என்ஜின் அதிகச் சூடாகியும் விசிறி ஓடலாம். ஆகையால் ஜலத்தின் அளவையும் பார்த்துவிடச் சொன்னோம். அதில் குறைவில்லை.

ஸ்கானர் வைத்திருக்கும் இளைஞர் ஒருவரை அம்மாள் விடியற்காலையில் வீட்டுக்கே வரவழைத்தார். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தால் போகிற வழியிலேயே சூடேறி, சாட்சி கலைந்திருக்கும். கிளப்புமுன் பார்த்ததில் காற்று 27 டிகிரி, ஜலம் 68 டிகிரி. இளைஞர் சிரித்துவிட்டு, "அம்மா, ராத்திரி யாராவது வெந்நீர் ஊற்றினார்களா?" என்று கேட்டாராம். மாற்றவேண்டியிருந்தது கட்டைவிரல் அளவு ஸென்ஸார் ஒன்று. விலை புதுப் பாட்டரியில் மிகச் சிறு பங்குதான். இப்போது செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மாமியார் கையைப் பிடித்துக்கொள்ளுவதில்லையாம்; பின்னால் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருகிறாராம்.

வேறு சில சந்தேகங்கள்

புது மாதிரிப் பெட்ரோலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2023-இல் தொடங்கி 2025-க்குள் நாடெங்கும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட அதிக உஷ்ணம் வேண்டும். பிரேஸில் தேசத்தில் முழு எத்தனாலில் ஓடிய வண்டிகளில், காலையில் கிளப்புவதற்கென்றே தனியாக ஒரு சிறு டாங்க்கில் பெட்ரோல் வைத்திருந்தார்கள். ஆனால் 20 சதவிகிதத்துக்கு, நம் உஷ்ணத்தில், அவ்வளவு தொல்லை வராது. கவனிக்கவேண்டியது வேறு இரண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கால் டாங்க் பெட்ரோலுடன் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்தால் ஜலம் பிரிந்து அடியில் தங்கக்கூடும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களை அது இளக்கவோ கெடுக்கவோ கூடும். ஆகையால் 2023-க்கு முந்திய வண்டிக்காரர்கள் வருஷத்துக்கொரு முறை பெட்ரோல் குழாய்களைப் பரீட்சை செய்வது நலம்.

டீஸல் வண்டிக்குப் பிளக் பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. காலையில் உதவிக்குச் சூடேற்றும் 'குளோ பிளக்' உண்டு. ஆனால் நம் ஊர் விடியற்காலையில் டீஸல் வண்டி திணறினால் முதலில் பார்க்கவேண்டியது, குழாய் வழியே காற்றுப் புகுந்திருக்கிறதா, பில்டரின் அடியில் ஜலம் தேங்கியிருக்கிறதா என்பதைத்தான்.

வெள்ளைப் புகை கண்டு பயப்படுகிறவர்களுக்கு: ஈரக் காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. மறையாமல் வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டர் ஜலமும் குறைந்து வந்தால், ஜலம் என்ஜினுக்குள் கசிகிறது, அன்றே காட்டவேண்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது.

செய்யக்கூடாதவை

உதறும் வண்டியை ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து அடக்கப் பார்க்கவேண்டாம். எண்ணெய் மேலேறுமுன் என்ஜினைக் கதறவிட்டால் தேய்மானம் அதிகம். ஸெல்ஃபை ஒரே மூச்சாய்ப் பத்து விநாடிக்கு மேல் அடிக்கவேண்டாம். விட்டு, அரை நிமிஷம் பொறுத்து அடியுங்கள். கதவு மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டுப் பரிசோதனை செய்யவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமில்லை, வாடையில்லை, உயிரை மட்டும் எடுக்கும். உதறலை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு ஓட்டவும் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் காடலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். சிறு ஸென்ஸாருக்குப் பார்த்த லோபம் அங்கே பெரிய செலவாக முடியும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் குறி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே அழிக்கச் சொல்லுங்கள். அந்த எண் ஸென்ஸாரின் பெயரைச் சொன்னால் உடனே அதை மாற்றிவிடவும் வேண்டாம். பல சமயம் ஸென்ஸார் நல்லது. அதற்குப் போகும் ஒயரின் முனையில்தான் பச்சை பூத்திருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை

மெக்கானிக்குகள் எல்லாம் ஏமாற்றுகிறவர்கள் என்று நாம் சொல்லவில்லை. வியாதி கண்ணில் படாத நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "சரி செய்" என்றால் அவர்கள் ஊகிப்பதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்? ஊகத்தில் பழைய சாமான் போய்ப் புதுச் சாமான் வருகிறது. மாலையிலேயே வண்டியை அவரிடம் விட்டு, இரவு அங்கேயே நிற்கச் செய்து, காலையில் முதல் தடவை கிளப்புவதை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஓர் உபாயம் எத்தனையோ செலவை மிச்சப்படுத்தும். முதலில் காசில்லாத பரீட்சை, பிறகு துடைப்பதும் முடுக்குவதும், பிறகு அளந்து பார்ப்பது, கடைசியில்தான் மாற்றுவது என்ற வரிசையை மட்டும் விடவேண்டாம்.

வருகிற இதழில், வெயில் காலத்தில் டயர்கள் வெடிப்பதேன் என்பதைக் கவனிப்போம். நேயர்கள் தங்கள் வண்டியின் வயது, ஓடிய தூரம், நான்கு கேள்விக்கும் பதில் ஆகியவற்றை எழுதி அனுப்பினால் பதில் சொல்ல நமக்குச் சௌகரியமாக இருக்கும். ஓரத்தில் எழுதும் வரிகளையும் விட்டுவிடாமல் எழுதவேண்டும்.